மனச்சோர்வு மாத்திரையோடு 'இயற்கை' கேப்ஸ்யூல்: என் அக்காவுக்கு நடந்தது

மனச்சோர்வுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால், கூடவே வேறு என்ன வைட்டமின், மூலிகை கேப்ஸ்யூல் எடுத்துக்கொள்கிறார்கள் என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள். என் அக்கா இதில் மாட்டி, அவசர சிகிச்சைப் பிரிவு வரை போய் வந்திருக்கிறார். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். விற்றவர்களின் பெயரைப் போடவில்லை, புகார் விசாரணையில் இருக்கிறது. ஊர் திருச்சிப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அம்மா போன பிறகு அக்காவுக்கு மனசு விட்டுப்போனது. ராத்திரி முழுக்க முழித்திருப்பார், விடிந்ததும் எழுந்திருக்க முடியாது. வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு நீண்ட விடுப்பு. மாமாதான் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனார். எஸ்சிடலோபிராம் 10 மில்லிகிராம், ராத்திரி ஒன்று. "உடனே தெரியாதும்மா, நாலு வாரம் போகட்டும். நடுவுல நீங்களா நிறுத்திடாதீங்க" என்று டாக்டர் சொன்னார். சொன்னபடியே நடந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கம் வந்தது, வீட்டில் பேச்சு வந்தது, பள்ளிக்கூடத்துக்கும் திரும்பப் போக ஆரம்பித்தார். ஆனால் ஒரு அசதி மட்டும் விடவே இல்லை. கால் மரத்துப்போகிறது என்று அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அசதியைப் பிடித்துக்கொண்டுதான் கேப்ஸ்யூல் விற்றவர்கள் உள்ளே வந்தார்கள்.

கூட வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் கூப்பிட்டார் என்று, ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த இலவச உடல் பரிசோதனை முகாமுக்கு அக்கா போயிருக்கிறார். அங்கே லேப்டாப்போடு இணைத்த ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து வரும் வயரின் நுனியில் ஒரு உலோகக் குச்சி. வயது, உயரம், எடை கேட்டு டைப் செய்துகொண்டு, குச்சியை உள்ளங்கையில் இறுக்கிப் பிடிக்கச் சொல்கிறார்கள். ஒரு நிமிடம் திரையில் கல்லீரல், கணையம், மூளை என்று படங்கள் ஓடுகின்றன. முடிந்ததும் கத்தையாக ஒரு ரிப்போர்ட். அது இப்போது என் கையில் இருக்கிறது. செலினியம் குறைவு, துத்தநாகம் குறைவு, மெக்னீசியம் குறைவு, 'மூளை நரம்புச் செயல்திறன்' குறைவு. எல்லாம் சிவப்பு எழுத்தில், புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் வரை துல்லியமாக. வைட்டமின் பி12 மட்டும் பச்சையில், 'நார்மல்'. ரத்தமே எடுக்காமல், உள்ளங்கையில் குச்சி பிடித்து, உடம்பில் இருக்கும் பி12 அளவைச் சொல்லும் கருவி உலகத்தில் கிடையாது. இந்தப் பெட்டி ஆன்லைனில் யார் வேண்டுமானாலும் வாங்கும்படி விற்கிறது.

ரிப்போர்ட்டை விளக்க ஒரு பெண்மணி உட்கார்ந்திருக்கிறார். 'வெல்னஸ் கன்சல்டன்ட்' என்று சட்டையில் பேட்ஜ். டாக்டர் இல்லை, மருந்தாளுநர் இல்லை, சித்த மருத்துவரும் இல்லை. அக்கா தானாகவே, "நான் மனசுக்கு மாத்திரை சாப்பிடுறேன் மேடம்" என்று சொல்லி, கைப்பையில் இருந்த சீட்டையும் எடுத்து நீட்டியிருக்கிறார். அதை வாங்கிப் பார்க்கவே இல்லையாம். "சிஸ்டர், அது அது பாட்டுக்கு இருக்கட்டும். இது நூறு சதவீதம் நேச்சுரல். எதோட வேணாலும் சேர்த்துச் சாப்பிடலாம், சைடு எஃபெக்ட்டே கிடையாது. மூணு மாசத்துல அந்த மாத்திரையே உங்களுக்குத் தேவைப்படாது" என்று பதில். நான்கு டப்பா, அதில் ஒன்று மனநிலைக்கு என்று கொடுத்த 'மூடு' கேப்ஸ்யூல். மூன்று மாதத்துக்கு 17,400 ரூபாய். பணம் அந்தப் பெண்மணியின் சொந்த நம்பருக்கு ஜிபே. ரசீது என்று ஒரு துண்டுச் சீட்டு, அதில் 'பேக்கேஜ் 3 மாதம்' என்று பேனாவில் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான்.

முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. வாரா வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அசதி அப்படியேதான் இருக்கிறது என்று அக்கா சொன்னதும், "அந்த மூடு கேப்ஸ்யூலை ரெண்டா எடுங்க சிஸ்டர், ரிசல்ட் வேகமா வரும்" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ். அடுத்த நாள் ராத்திரியே ஆரம்பித்துவிட்டது. புடவை நனைகிற அளவுக்கு வியர்வை, கை நடுக்கம், வயிற்றுப்போக்கு, ஒரு இடத்தில் உட்கார முடியாத தவிப்பு, நெஞ்சுப் படபடப்பு. மாமா பதறிப்போய் அந்தப் பெண்மணிக்கு போன் போட்டிருக்கிறார். வந்த பதிலை அப்படியே தருகிறேன்: "பயப்படாதீங்க சார், உடம்புல இருக்கிற நச்செல்லாம் வெளியேறுது. டீடாக்ஸ்னா இப்படித்தான் இருக்கும். நிறுத்திடாதீங்க, தண்ணி நிறைய குடிக்கச் சொல்லுங்க."

இந்தப் பேச்சை நம்பிக் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. மாமா காத்திருக்கவில்லை. விடிவதற்குள் ஆட்டோ பிடித்து பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது பணியில் இருந்த இளம் டாக்டரம்மா அக்காவைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். முழங்காலில் சுத்தியலால் லேசாகத் தட்டினார், கால் எகிறியது. பிறகு பாதத்தைப் பிடித்து மேல் பக்கமாக வெடுக்கென்று மடக்கிப் பிடித்தார். பாதம் அவர் கையிலேயே டக் டக் டக் என்று தானாகத் துடித்துக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "வீட்டுல வேற என்ன சாப்பிடுறாங்க? நாட்டு மருந்து, சத்து மாத்திரை, எதுவா இருந்தாலும் சொல்லுங்க, திட்ட மாட்டேன்" என்று கேட்டார். மாமா புத்தியாக நான்கு டப்பாவையும் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். மூடு கேப்ஸ்யூல் டப்பாவைத் திருப்பி, பின்பக்கம் எறும்பு எழுத்தில் இருந்ததைப் படித்தார். ஹைப்பெரிக்கம் பெர்ஃபொரேட்டம். அதற்குக் கீழே 5-ஹெச்டிபி.

ஹைப்பெரிக்கம் என்பது ஐரோப்பாவில் மஞ்சள் பூ பூக்கும் ஒரு செடி. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற பெயரில் விற்கிறார்கள். இதில் வீரியம் இல்லை என்று சொல்ல மாட்டேன், வீரியம் இருப்பதால்தான் ஆபத்து. ஜெர்மனியில் டாக்டர்களே மனச்சோர்வுக்கு எழுதிக்கொடுக்கிறார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2008 தொகுப்பாய்வு 29 ஆய்வுகளை, சுமார் 5,500 நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து, இது வெற்று மாத்திரையைவிட மேல், வழக்கமான மாத்திரைகளுக்குச் சமமாக நிற்கிறது என்றே சொன்னது. ஆனால் இந்தச் செடி, மனநிலையோடு தொடர்புள்ள செரடோனின் என்ற மூளை ரசாயனத்தைக் கூட்டிவிடுகிறது. எஸ்சிடலோபிராமும் அதே வேலையைத்தான் செய்கிறது. 5-ஹெச்டிபியோ உடம்புக்குள் போய் நேராகச் செரடோனினாகவே மாறுகிற பொருள். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து அளவு மீறும்போது வருவதைத்தான் செரடோனின் சிண்ட்ரோம் என்கிறார்கள். வியர்வை, நடுக்கம், பேதி, படபடப்பு, பாதம் துடிப்பது எல்லாம் அதன் அடையாளம். முற்றினால் காய்ச்சல் எகிறி, உடம்பு விறைத்து, உயிரையே பறிக்கும். நச்சு எதுவும் வெளியேறவில்லை. அக்காவுக்கு விஷமாகிக்கொண்டிருந்தது.

இந்தச் செடி செய்யும் இன்னொரு காரியம் எல்லாருக்கும் தெரிய வேண்டும். மருந்துகளை உடைக்கும் கல்லீரல் நொதிகளை இது தூண்டிவிடுகிறது. அதனால் கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், உறுப்பு மாற்று சிகிச்சை செய்தவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின், சில எச்ஐவி மருந்துகள் எல்லாம் வேலை செய்வதற்கு முன்பே உடம்பிலிருந்து கரைந்துபோகும். மனசுக்காக வாங்கிய கேப்ஸ்யூல் இதய நோயாளியின் மருந்தைச் செல்லாக்காசாக்கிவிடும். விற்கிறவருக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் அக்கா நீட்டிய சீட்டை வாங்கிப் பார்த்திருப்பார்.

எல்லா மருந்தையும் நிறுத்தி, ஊசி போட்டு, டிரிப் ஏற்றி, கண்காணிப்பில் வைத்தார்கள். நடுக்கம் அடங்கியது. பிறகு எடுத்த ரத்தப் பரிசோதனையில் இன்னும் இரண்டு விஷயம் வெளியே வந்தது.

ஒன்று, கால்சியம் 11.4. பொதுவாக 10.5-ஐத் தாண்டக் கூடாது. காரணம், அந்த நான்கில் ஒன்றான வைட்டமின் டி பொடிப் பாக்கெட். ஒரு பாக்கெட்டில் 60,000 யூனிட். குறைபாடு உள்ளவர்களுக்கு இதை வாரத்துக்கு ஒன்று, அதுவும் சில வாரங்களுக்குத்தான் டாக்டர்கள் கொடுக்கிறார்கள். அக்காவைத் தினமும் பாலில் கலந்து குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். தண்ணீரில் கரையும் வைட்டமின் போல உபரி சிறுநீரில் போய்விடாது, டி கொழுப்பில் தங்கும். கால்சியம் ஏறினால் வாந்தி, மலச்சிக்கல், குழப்பம், கடைசியில் சிறுநீரகத்துக்குக் கேடு. இத்தனையும் எதற்காக? அமெரிக்காவில் 50 வயதைத் தாண்டிய 18,353 பேருக்கு டி வைட்டமினையோ வெற்று மாத்திரையையோ கொடுத்து ஐந்து வருடத்துக்கு மேல் கவனித்தார்கள். தினம் 2,000 யூனிட். மனச்சோர்வு வராமல் தடுக்க அது உதவவில்லை என்று 2020-ல் முடிவு வெளியானது.

இரண்டாவது விஷயம்தான் என் வயிற்றெரிச்சல். அக்காவின் பி12 அளவு 130. இருநூறுக்குக் கீழே போனாலே குறைவு. அக்கா சுத்த சைவம், பால்கூட அதிகம் சேர்ப்பதில்லை. பி12 குறைந்தால் அசதி வரும், கை கால் மரத்துப்போகும், மனச்சோர்வும் கூடும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கும் இது குறையலாம். ஆக, அக்காவுக்கு உண்மையிலேயே ஒரு வைட்டமின் தேவைப்பட்டது. அதை மட்டும்தான் அந்தச் சிவப்பு ரிப்போர்ட் 'நார்மல்' என்று பச்சையில் காட்டியது. பெரியாஸ்பத்திரியில் பி12 ஊசி போட்டார்கள், காசு வாங்கவில்லை. இப்போது மரமரப்பு பாதி குறைந்திருக்கிறது. எஸ்சிடலோபிராமை மனநல டாக்டரே பார்த்து மறுபடி ஆரம்பித்துவைத்தார்.

வைட்டமினும் மூலிகையும் ஏமாற்று என்று நான் எழுதவில்லை. குறை இருக்கிறது என்று ரத்தத்தில் தெரிந்தால் பி12, ஃபோலிக் அமிலம், டி எல்லாமே மருந்துதான். மீன் எண்ணெயில் இபிஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு அதிகமுள்ள வகை, மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்கும்போது சிலருக்குக் கொஞ்சம் கைகொடுப்பதாக ஆய்வுகள் உண்டு. அமுக்கரா (அஸ்வகந்தா) நம் ஊர் மருந்து, பட்டம் பெற்ற சித்த மருத்துவர் நாடி பார்த்து, அளவு சொல்லிக் கொடுப்பார். அதே அமுக்கராவைச் சாறெடுத்துச் செறிவாக்கி கேப்ஸ்யூலில் அடைத்து விற்கும்போது கல்லீரல் பாதிப்பு வந்ததாகப் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது, தைராய்டு உள்ளவர்களுக்கு ஹார்மோன் ஏறவும் செய்யும். டென்மார்க் 2023-ல் தடையே போட்டது. பாளையங்கோட்டையிலும் சென்னையிலும் அரசு சித்த மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. மூலிகைதான் வேண்டும் என்றால் அங்கே போகலாம். கல்யாண மண்டபத்துக்குப் போக வேண்டியதில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "சீல் உடைச்ச ப்ராடக்ட் ரிட்டர்ன் கிடையாது" என்றார்கள். மருத்துவமனை டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டியதும், "உங்க ஆங்கில மருந்தாலதான் வந்திருக்கும்" என்று பேச்சு மாறியது. பிறகு எங்கள் நம்பர்களையே பிளாக் செய்துவிட்டார்கள்.

அப்புறம்தான் டப்பாக்களை உட்கார்ந்து பார்த்தோம். 2016-ல் வந்த விதிப்படி, சத்து மாத்திரை டப்பாவில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அச்சிட வேண்டும். மல்டிவைட்டமின் டப்பாவில் அது இருந்தது. நோயைக் குணமாக்கும் என்று சொல்லி விற்றவர்களின் டப்பாவே அப்படிச் சொல்கிறது! மூடு கேப்ஸ்யூலில் அதுவும் இல்லை, மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க உரிம எண் இல்லை, இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி எதுவும் இல்லை. இவற்றையெல்லாம் போட்டோ எடுத்து, வாய்ஸ் மெசேஜ், ஜிபே விவரத்தோடு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்திருக்கிறோம். நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்தாயிற்று. தவறான விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. மிச்ச கேப்ஸ்யூல்களைக் குப்பையில் போடவில்லை, அதிகாரி மாதிரி எடுத்துப்போனார்.

இதே மாதிரி ஏதாவது வாங்கியவர்கள் கவனியுங்கள். நடுக்கம், வியர்வை, படபடப்பு இருந்தால் விற்றவருக்கு போன் செய்யாதீர்கள், டப்பாக்களை எடுத்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். ஒன்றும் இல்லையென்றால் கேப்ஸ்யூலை நிறுத்திவிட்டு உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள், ஆனால் அவர் எழுதிய மாத்திரையைப் பயத்தில் பட்டென்று நிறுத்திவிடாதீர்கள். அதுவும் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை என்று வேறு தொல்லையில் விடும். யாரைக் கேட்பது என்று தெரியாதவர்களுக்கு டெலி-மானஸ் எண் 14416, அரசாங்கத்தின் இலவச மனநல உதவி, தமிழிலேயே பேசலாம்.

அக்காவை அந்த வாட்ஸ்அப் குழுவிலிருந்து இன்னும் நீக்கவில்லை. அடுத்த இலவச முகாமுக்கான அறிவிப்பு நேற்று வந்திருக்கிறது, இந்த முறை புதுக்கோட்டைப் பக்கம். படத்தை உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டோம். அந்தப் பக்கம் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தால் இந்தப் பதிவை அவர்களுக்கு அனுப்புங்கள்.