பதின்ம வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் நெட்பிளிக்ஸ்: பூட்டுகள் எவ்வளவு காக்கும்?

பாடசாலையில் மாணவர் ஆலோசனைப் பொறுப்பும் எனக்கு இருப்பதால், நெட்பிளிக்ஸ் இணைப்பு எடுக்கலாமா என்று திருகோணமலையின் உவர்மலை, உப்புவெளிப் பக்கத்துத் தாய்மார் அடிக்கடி கேட்பதுண்டு. பெரும்பாலும் தரம் 7 முதல் 9 வரை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர். எடுக்கலாம் என்பதே என் பதில். ஆனால் கட்டணத்தைக் கட்டிய கையோடு கைபேசியைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போகிறவர்களுக்கு இச்சேவை பொருந்தாது. இலங்கைக்கு 2016 ஜனவரியில் வந்த இந்தச் சேவையின் படத்தரம், விலை முதலியவற்றைப் பற்றி எழுதுவோர் பலர் இருக்கிறார்கள். அதில் வரும் நாடகத் தொடர்கள் பிள்ளையின் மனதுக்கு என்ன செய்கின்றன, அதைத் தடுக்கச் சேவை என்ன கருவி தருகிறது என்பதை மட்டுமே இங்கு பார்க்கிறேன்.

கருவிகள் நல்லவை. வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிப் புரொபைல் திறந்து, பிள்ளையின் புரொபைலுக்கு வயதெல்லை விதிக்கலாம். அந்த எல்லைக்கு மேற்பட்டவை அதில் தோன்றமாட்டா. வயதெல்லைக்குள் வந்தாலும் வேண்டாம் என்று தோன்றும் ஒரு தொடரைப் பெயர் குறிப்பிட்டுத் தடுக்கவும் முடியும். பெரியவர்களின் புரொபைலுக்கு நான்கு இலக்கப் பூட்டு உண்டு. பூட்டுப் போடும்போது, புதிய புரொபைல் திறப்பதற்கும் அதே இலக்கம் தேவை என்று தெரிவுசெய்ய ஓர் இடம் இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதில்லை. அதை விட்டுவிட்டால், கெட்டிக்காரப் பிள்ளை தனக்கென்று எல்லையில்லாத புரொபைல் ஒன்றைத் திறந்துகொள்ளும். என்ன பார்த்தார்கள் என்ற பட்டியலும் திகதிவாரியாகக் கிடைக்கிறது. கணக்கின் கடவுச்சொல் பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் அந்தப் பட்டியலிலிருந்து வேண்டியதை மறைத்துவிடலாம் என்பதால், அதை மாத்திரம் நம்பியிருக்க முடியாது. இவற்றைத் தொலைக்காட்சிப் பெட்டியில் தேடாமல், கணினியில் கணக்குப் பக்கத்தைத் திறந்து ஒரே இருப்பில் செய்து முடிப்பது இலகு.

ஒவ்வொரு தொடருக்கும் இடப்படும் வயது முத்திரை எதை அளக்கிறது என்று பார்த்தால்தான் குறை தெரியவரும். வன்முறை, நிர்வாணம், தகாத சொல், போதைப்பொருள் ஆகியவற்றையே அது முக்கியமாக எண்ணுகிறது. பதின்மூன்று வயதில் ஒரு பிள்ளையை உண்மையில் வாட்டுபவை வேறு: வகுப்பில் ஒதுக்கப்படுவது, தோழி தன்னை விட்டு இன்னொருத்தியுடன் சேர்வது, தன் உடலைப் பிறருடையதோடு ஒப்பிடுவது, தான் இல்லாமற்போனால்தான் இவர்களுக்கு என் அருமை தெரியும் என்ற கற்பனை. இவற்றை ஒரு தொடர் எவ்வளவு கெட்டித்தனமாகச் சொல்கிறதோ அவ்வளவு ஆழமாக அது உள்ளே போகும்.

இதற்கு அதிகம் பேசப்பட்ட உதாரணம் 2017 மார்ச் 31 அன்று வெளியான ‘தேர்ட்டீன் ரீசன்ஸ் வை’ என்ற அமெரிக்கத் தொடர். உயிரை மாய்த்துக்கொண்ட ஒரு மாணவி விட்டுச்சென்ற ஒலிநாடாக்களைச் சுற்றிய கதை அது. வெளியானதற்கு அடுத்த மாதத்தில் அமெரிக்காவில் 10 முதல் 17 வயதுக்குட்பட்டோரிடையே தற்கொலை வீதம் 28.9 சதவீதம் உயர்ந்திருந்ததாக 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. தொடர்தான் காரணம் என்று அதனால் நிறுவிவிட முடியாது என்பதை ஆய்வாளர்களே ஒப்புக்கொண்டனர். அடுத்த ஆண்டு அதே தரவுகளை மீண்டும் ஆராய்ந்த இன்னொருவர் அந்த முடிவைக் கேள்விக்குட்படுத்தினார். ஆயினும் 2019 ஜூலையில் நிறுவனமே முதற் பருவத்தின் இறுதி அத்தியாயத்திலிருந்த மரணக் காட்சியை நீக்கியது. வெளியாகி இரண்டு ஆண்டுகளுக்குப் பின்! அதற்குள் பார்க்க நினைத்தவர்கள் எல்லாரும் பார்த்துவிட்டிருப்பார்கள். எந்தத் தொடரைப் பார்த்த பின்னரும் பிள்ளை சாவைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசினால், அதை நடிப்பென்று தள்ளிவிடாமல், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழிலும் பேசலாம்.

இரத்தமும் சாவும் இல்லாத தொடர்களின் பக்கம் பார்வை போவது குறைவு. தென் பசிபிக்கிலுள்ள பிஜியின் ஒரு பகுதிக்கு 1995இல்தான் தொலைக்காட்சி வந்தது. பருத்த, திடமான உடலே அழகு என்று கருதிய சமூகம் அது. மூன்று ஆண்டுகள் அமெரிக்க, பிரித்தானிய நாடகங்களைப் பார்த்த பின்னர், ஆய்வில் கலந்துகொண்ட பாடசாலை மாணவிகளில் 74 சதவீதமானோர் தாம் மிகவும் பருமனாக இருப்பதாகச் சில வேளைகளிலாவது உணர்ந்ததாகக் கூறினர். ஹார்வர்டைச் சேர்ந்த ஆன் பெக்கரின் இந்த ஆய்வு 2002இல் வெளியானது. என் மகள் கொரியக் காதல் தொடர்களின் தீவிர இரசிகை. அவற்றில் பல, பதின்மூன்று வயதெல்லையைத் தடையேதுமின்றித் தாண்டி வருபவை. அசிங்கமான காட்சி ஒன்றுகூட இராது. ஒருநாள் பாடசாலைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது கண்ணாடியைப் பார்த்தபடியே, “அம்மா, என்ர முகம் ஏன் இவ்வளவு அகலம்?” என்று கேட்டாள். அதற்கு முன்னர் முகத்தின் அகலத்தை அளந்து பார்க்கும் எண்ணம் அவளுக்கு வந்ததில்லை. இதைத் தடுக்க எந்த நான்கு இலக்கமும் உதவாது. நாடகம் பார்க்கும்போது பக்கத்திலிருந்து, அந்த நடிகையின் முகத்துக்குப் பின்னால் எத்தனை பேருடைய ஒப்பனை வேலையும் ஒளியமைப்பும் இருக்கின்றன என்று பேசத்தான் முடிந்தது. அவளும் கேட்டாள், எவ்வளவு நம்பினாள் என்பது வேறு கதை.

சேவையின் மீது எனக்குள்ள பெரிய மனத்தாங்கல், அடுத்த அத்தியாயம் தானாக ஓடத் தொடங்குவது. கதை முடிந்ததும் நன்றிப் பெயர்கள் மூலையில் சிறிய பெட்டியாகச் சுருங்க, அடுத்த அத்தியாயத்துக்கான பொத்தான் சில வினாடிகளில் நிரம்பிவிடுகிறது. அழவைத்த ஒரு காட்சிக்குப் பிறகு பிள்ளை நம்மைத் திரும்பிப் பார்த்து ஏதாவது கேட்கக்கூடிய நேரமே அதுதான். நித்திரை கெடுவதும் இதனாலேயே. மறுநாள் காலை முதலாம் பாடவேளையில் மேசையில் தலைவைத்துப் படுத்திருக்கும் பிள்ளைகளைக் கேட்டால் ‘இன்னும் ஒரு எபிசோட்’ என்ற பதிலே அநேகமாக வரும். புரொபைல் அமைப்பில் இதை நிறுத்திவிட முடியும். ஆனால் சிறுவர் புரொபைலிலாவது முதலிலிருந்தே நிறுத்தியே வைத்திருக்கலாம் அல்லவா?

இத்தனையும் சொன்ன பின்னர், டிஷ் அன்ரெனா வழியாக மாலை முழுவதும் நம் வீடுகளில் ஓடும் தமிழ் மெகா தொடர்களை விட்டுவிடுவது நியாயமாகாது. மருமகளை அவமானப்படுத்துவது, ஒட்டுக்கேட்பது, சொன்னபடி செய்யாவிட்டால் செத்துப்போவேன் என்று மிரட்டிக் காரியம் சாதிப்பது எல்லாம் இராச்சாப்பாட்டு நேரத்தில், அம்மம்மாவின் மடியில் சாய்ந்திருக்கும் பிள்ளையின் கண்முன்னாலேயே நடக்கின்றன. என் தாயாரிடம் இதைச் சொன்னால், “அது சும்மா நாடகம்தானே பிள்ளை” என்பார். அந்தப் பெட்டியிலும் அலைவரிசைப் பூட்டு உண்டு. அதைப் போடும் துணிவு எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். பூட்டுகளுக்கு முழுப் புள்ளி. முத்திரைகளின் மேலோட்டத்துக்கும் தானியங்கி ஓட்டத்துக்கும் கழித்திருக்கிறேன். எடுப்பதென்றால் கூடத்திலுள்ள பெரிய திரையில் மட்டும் பார்க்கும்படி எடுங்கள். பிள்ளையின் கைபேசியில் செயலியை நிறுவவேண்டாம். தனியறைக்குள் போய்ப் பார்க்கும் பழக்கம் ஏற்கெனவே வந்துவிட்ட வீடென்றால், பரீட்சை விடுமுறை வரை பொறுத்திருந்து தொடங்குவது நல்லது. நீங்களும் கூட இருந்து பார்க்க அப்போதுதான் நேரம் கிடைக்கும்.