மிதவை உயரமா, பெட்ரோல் மட்டமா: கார்புரேட்டரில் எதை அளப்பது?

மோட்டார் சைக்கிளில் பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தருவது கார்புரேட்டர்; அதன் அடிக்கிண்ணத்தில் பெட்ரோல் போதிய மட்டம் சேர்ந்ததும் மேலெழுந்து, ஓர் ஊசியால் வரத்தை அடைப்பது மிதவை. இந்த மிதவையைச் சரிசெய்ய நடைமுறையில் இரண்டு வழிகள் உள்ளன. கார்புரேட்டரைக் கழற்றிக் கவிழ்த்து, கிண்ணத்தின் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் அமரும் தளத்திலிருந்து மிதவையின் மறுவிளிம்பு வரை உள்ள தூரத்தை வெர்னியர் அளவுகோலால் அளப்பது ஒன்று. கார்புரேட்டர் வண்டியிலேயே இருக்க, அதன் கிண்ணத்து வடிகால் முனையில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயைச் செருகி, உள்ளே பெட்ரோல் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று நேரடியாகப் பார்ப்பது மற்றொன்று. முன்னதை உலர் அளவு என்றும் பின்னதை ஈர அளவு என்றும் இங்கே குறிப்பிடுகிறேன்.

இரண்டுக்கும் நோக்கம் ஒன்றே. கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் மட்டத்துக்கும், காற்றோடு கலக்கப் பெட்ரோல் வெளிவரும் ஜெட்டின் வாய்க்கும் இடைப்பட்ட உயரத்தைக் காற்றின் உறிஞ்சல்தான் ஏற்றிக் கடக்க வேண்டியிருக்கிறது. மட்டம் கூடினால் கலவையில் பெட்ரோல் மிகுந்து, ப்ளக் கரி பிடித்து, மைலேஜ் குறைந்து, முற்றினால் வழிகுழாயில் பெட்ரோல் சொட்டத் தொடங்கும். மட்டம் குறைந்தால் ஆக்சிலரேட்டரை முழுதும் திருகும்போது எஞ்சினுக்குப் பெட்ரோல் போதாமல் வண்டி இழுக்கத் தயங்கும், சூடும் ஏறும்.

உலர் அளவுக்குத் தேவையானவை ஒரு வெர்னியரும் பொறுமையும் மட்டுமே. பெரும்பாலான சர்வீஸ் கையேடுகளும் இந்த எண்ணையே தருகின்றன. ஆனால் இதில் இரண்டு பொறிகள் உள்ளன. முதலாவது, எண்ணின் திசை. 'மிதவை உயரம்' கூடுகிறது என்றால் பெட்ரோல் மட்டம் குறைகிறது என்று பொருள். நாம் அளப்பது கவிழ்ந்த நிலையில் என்பதால் இந்தத் தலைகீழ்க் கணக்கு வருகிறது. 21 மில்லிமீட்டரை 22 ஆக்கிவிட்டு, மட்டத்தை ஏற்றிவிட்டதாக நம்புவோர் குறைவில்லை.

இரண்டாவது பொறி நுட்பமானது. மிதவை ஊசியின் தலையில் ஸ்பிரிங் வைத்த சிறு முள் ஒன்று பல கார்புரேட்டர்களில் இருக்கும். கார்புரேட்டரை முற்றிலும் கவிழ்த்தால், மிதவையின் எடையே அந்த முள்ளை அழுத்திவிடும். அளவு உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். அந்தக் குறைந்த எண்ணைக் கையேட்டு எண்ணுக்கு உயர்த்த, மிதவையில் ஊசியைத் தள்ளும் சிறு தகடான நாக்கை வளைத்தால், வண்டியில் பூட்டிய பின் மட்டம் தேவைக்குக் கீழே நின்றுவிடும். எனவே கார்புரேட்டரைச் சாய்வாகப் பிடித்து, மிதவையின் நாக்கு முள்ளைத் தொட்டும் தொடாமலும், ஸ்பிரிங் அழுந்தாமலும் இருக்கும் அந்தக் கணத்தில்தான் அளக்க வேண்டும். இந்தக் கணத்தைப் பிடிக்கும் கைப்பழக்கம் வராதவரை, ஒரே கார்புரேட்டரை மூன்று முறை அளந்தால் மூன்று எண்கள் வரும்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் உலர் அளவு ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: மிதவையின் எடை, ஆலை வெளியிட்ட நாளில் இருந்ததாகவே இன்றும் உள்ளது என்பது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்னும் புகை மாசு விதி வந்த பிறகு புதிய வண்டிகள் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லாத ஃபியூயல் இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டன. ஆகவே இன்று நம் கையில் வரும் கார்புரேட்டர்களில் பல பழையவை, அல்லது மாற்று உதிரிபாகம் போட்டவை. அங்கே இந்த அனுமானம் எளிதில் உடைகிறது.

என் 100 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டியில் அதைக் கண்ணாரக் கண்டேன். பழைய மிதவைக்குப் பதிலாகக் கடையில் வாங்கிய ஒன்றைப் போட்டு, வெர்னியரில் உயரத்தை இம்மி பிசகாமல் வைத்தேன். மறுநாள் காலை வண்டிக்கு அடியில் தரை நனைந்திருந்தது. ஊசியில் தூசி என்று எண்ணி இருமுறை கழற்றித் துடைத்தேன், பயனில்லை. பின்னர் குழாயை மாட்டிப் பார்த்தபோது மட்டம் இருக்க வேண்டிய இடத்துக்கு இரண்டு மில்லிமீட்டருக்கும் மேலே நின்றது. இரண்டு மிதவைகளையும் நகைக்கடைத் தராசில் வைத்ததும் காரணம் தெரிந்தது: புதியது ஏறக்குறைய ஒரு கிராம் கனம். ஒரு கிராம் கூடுதல் எடையைத் தாங்க, மிதவை சுமார் 1.35 சிசி பெட்ரோலைக் கூடுதலாக விலக்க வேண்டும். அதாவது அந்த அளவுக்கு மேலும் மூழ்கிய பிறகே ஊசியை மூடும். வெர்னியருக்கு எடை தெரியாது.

ஈர அளவின் வலிமை இங்கேதான். மிதவையின் கனம், நுண்துளை வழியே உள்ளே புகுந்த பெட்ரோல், ஊசியின் தேய்மானம் ஆகிய அனைத்தும் சேர்ந்து தரும் விளைவையே அது காட்டுகிறது. ஆனால் அதற்கும் ஒழுங்கு வேண்டும். வண்டி சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்றால் கணக்கு பொய். நிமிர்ந்து நிற்க வேண்டும். குழாய் மிகவும் மெல்லியதாக இருந்தால் நுண்குழாய் விளைவால் பெட்ரோல் தானாகச் சற்று ஏறி நிற்கும். குழாயில் இட்டுக்கொண்ட குறியைக் கார்புரேட்டரின் விளிம்புக்கு மேலிருந்து மெதுவாக இறக்கிக்கொண்டு வந்து நிறுத்த வேண்டும். தாண்டி இறக்கிவிட்டு மறுபடி உயர்த்தினால் அளவு கூடுதலாகக் காட்டும். இறக்கும்போது கிண்ணத்திலிருந்து குழாய்க்குள் பெட்ரோல் பாய, மிதவை திறந்து கிண்ணத்தை நிரப்பிவிடுகிறது. உயர்த்தும்போது குழாயில் இருந்தது திரும்பி வந்து அதன் மேல் சேர்கிறது.

குறைகளும் உண்டு. சில கிண்ணங்களில் வடிகால் திருகு மட்டுமே இருக்கும், குழாய் செருக முனை இராது. உறிஞ்சலால் திறக்கும் பெட்ரோல் காக் உள்ள வண்டியில் எஞ்சின் ஓடாமல் பெட்ரோல் இறங்காது. கையேடு மிதவை உயரத்தை மட்டும் தந்து மட்டத்தைத் தராவிட்டால், குழாயில் தெரிவதை எதனோடு ஒப்பிடுவது என்ற சிக்கலும் வரும். சூடான எஞ்சினுக்கு அருகே திறந்த பெட்ரோலை வைத்துக்கொண்டு செய்யும் வேலை என்பதையும் மறக்கலாகாது.

மூன்றாவது வழியாகக் கண்மதிப்பைச் சொல்வார்கள். மிதவைகள் தனித்தனியே நிற்க, உடலில் ஒரு கை மட்டும் இருக்கும் மிகுனி நிறுவனத்தின் விஎம் வகை கார்புரேட்டர்களில் அந்தக் கை கேஸ்கட் தளத்துக்கு இணையாக இருந்தால் போதும். அங்கே கண்மதிப்பே முறை. மற்ற இடங்களில் அது ஊகமே.

எத்தனால் கலந்த பெட்ரோலுக்காக மட்டத்தை மாற்ற வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். எத்தனால் பெட்ரோலைவிடச் சற்று அடர்த்தியானது என்பதால் மிதவை கொஞ்சம் மேலெழும், மட்டம் கொஞ்சம் இறங்கும்; அதற்காக நாக்கை வளைக்கும் அளவுக்கு அந்த வேறுபாடு பெரிதல்ல.

எனவே பழைய வண்டிக்கு ஈர அளவின் சொல்லே இறுதி என்பது என் முடிவு. உலர் அளவைத் தொடக்கப் புள்ளியாக மட்டும் கொள்கிறேன்: வெர்னியரில் கையேட்டு எண்ணுக்கு வைத்துப் பூட்டி, குழாயில் மட்டத்தைப் பார்த்து, தேவையானால் மறுபடி கழற்றி நாக்கை மட்டும் மயிரிழை வளைப்பேன். நெம்புகோல் போன்ற அமைப்பாதலால் நாக்கில் செய்யும் சிறு வளைவு மிதவையின் முனையில் பல மடங்காகும். வளைக்கும்போது நாக்கை ஊசியின் மேல் வைத்து அழுத்தக் கூடாது. ஊசி முனையின் ரப்பரில் வளையத் தடம் விழுந்துவிட்டால், அதன் பிறகு எந்த உயரத்தில் வைத்தாலும் பெட்ரோல் கசியும். மிதவையின் அச்சான சிறு கம்பியைத் (பின்) தட்டிக் கழற்றும்போது, அதைத் தாங்கும் இரு சிறு தூண்களுக்கும் கீழே முட்டுக் கொடுத்துக்கொள்ள வேண்டும். அவற்றில் ஒன்று முறிந்தால் கார்புரேட்டர் உடலையே மாற்ற நேரும்.