ஃபார்மட் அடிக்கணும் என்று கடையில் சொன்னால் லேப்டாப்பைத் திரும்ப வாங்கிவிடுங்கள்

மார்த்தாண்டம் பக்கம் லினக்ஸ் லேப்டாப்பை சர்வீஸுக்குக் கொடுக்கப் போகிறவர்களுக்காக இது. கடைப் பெயர் வேண்டாம்.

கீபோர்டு மாற்றத்தான் கொடுத்தேன். அதில் இருப்பது உபுண்டு 22.04 என்ற லினக்ஸ். மகள் படம் வரையும் கிரிட்டாவின் ஆப்இமேஜ் (நிறுவாமலே ஒரே கோப்பாக ஓடும் வடிவம்) திறக்காமல், ‘லிப்ஃப்யூஸ்.எஸ்ஓ.2’ என்ற கோப்பு இல்லை என்று காட்டிக்கொண்டிருந்தது. அதையும் பார்க்கச் சொன்னேன். சாயங்காலம் போன் வந்தது: “அண்ணே, ஓஎஸ் கரப்ட் ஆயிட்டு. ஹார்டு டிஸ்க்கும் சந்தேகம்தான். ஃபார்மட் அடிச்சு விண்டோஸ் போட்டுத் தாரேன், 2,500 ஆகும்.”

காலையில் நன்றாக ஓடிய மெஷின்! கீபோர்டுக்கு மட்டும் காசு கொடுத்து வாங்கி வந்தேன். கறுப்புத் திரையில் லாகின் கேட்டு நின்றது, அவ்வளவுதான்.

மச்சானுக்கு திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை. உபுண்டுவில் மென்பொருளை நிறுவுவதும் நீக்குவதும் ஆப்ட் என்ற கருவிதான். வந்தவர் முதலில் திறந்தது அதன் ஹிஸ்டரி லாக். எப்போது எதை நிறுவினார்கள், எது நீங்கியது எல்லாம் அதில் இருக்கும். கடைக்காரர் கோப்பின் பெயரை வைத்துக் குத்துமதிப்பாக ‘ஃப்யூஸ்’ பேக்கேஜை (மென்பொருள் பொதியை) நிறுவியிருக்கிறார். 22.04-ல் அதுவும் அதன் புதிய பதிப்பான ஃப்யூஸ்3-உம் சேர்ந்து இருக்காது. ஃப்யூஸ்3 கழன்றதும் அதை நம்பியிருந்த டெஸ்க்டாப் பகுதிகளும் போய்விட்டன. எதெல்லாம் நீங்கும் என்று ஆப்ட் பட்டியல் போட்டுத்தான் அனுமதி கேட்கும். அதை யார் வாசித்தார்கள்! ஹார்டு டிஸ்க்குக்கு ஒரு கேடும் இல்லை.

அந்தக் கோப்பு இருப்பது லிப்ஃப்யூஸ்2 பேக்கேஜில். இதை ஊகிக்கவே வேண்டாம். ஆப்ட்-ஃபைல் என்ற தேடல் கருவியை நிறுவி, ‘ஆப்ட்-ஃபைல் அப்டேட்’ கொடுத்துவிட்டு, ‘ஆப்ட்-ஃபைல் சர்ச்’ என்பதோடு கோப்பின் பெயரை அடித்தால் போதும். நம் மெஷினில் இன்னும் நிறுவாத பேக்கேஜ்களிலும் தேடிச் சொல்லும். ‘டிபிகேஜி -எஸ்’ (பெரிய எழுத்து எஸ்) கட்டளை இதற்கு உதவாது, ஏற்கெனவே நிறுவியவற்றில்தான் அது தேடும். ஃபெடோரா என்ற வேறு லினக்ஸ் என்றால் கட்டளை ‘டிஎன்எஃப் புரொவைட்ஸ்’. மனப்பாடத்தையும் நம்ப வேண்டாம்; உபுண்டு 24.04-ல் அதே பேக்கேஜ் லிப்ஃப்யூஸ்2டி64 ஆகிவிட்டது.

மச்சான் உபுண்டு-டெஸ்க்டாப்பைத் திரும்பப் போட்டு, லிப்ஃப்யூஸ்2-ஐயும் நிறுவினார். கிரிட்டா திறந்தது. மகளின் படங்கள் எல்லாம் பத்திரம்.

அப்புறம் லாகைப் போட்டோ எடுத்துக் கடையில் காட்டினேன். “லினக்ஸ்னா இப்படித்தான் அண்ணே” என்றார். ஃபார்மட்டுக்குச் சரி சொல்லியிருந்தால் அந்த லாகும் அழிந்திருக்கும், நானும் டிஸ்க்தான் போச்சு என்று நம்பியிருப்பேன்.