வாசலுக்கு எந்த பிர்ச்? வெள்ளையா, ஆற்றங்கரையா?

அமெரிக்காவின் ஒஹாயோவில் நாங்கள் குடிவந்த வீட்டு வாசலில் ஒரு ஐரோப்பிய வெள்ளை பிர்ச் மரம் நின்றது. மூன்றாம் கோடையில் உச்சிக் கிளைகள் துளிர்க்கவில்லை. அடுத்த வருடம் பாதி மரம் காய்ந்துவிட்டது. பட்டையைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் உளுந்து அளவில் அரைவட்ட ஓட்டைகள். வெண்கல பிர்ச் துளைப்பான் என்ற வண்டு வெளியேறிய வழி அது. புழு பட்டைக்கு அடியில் குடைந்துகொண்டே போவதால் மேலே தண்ணீரும் சத்தும் ஏறுவது நின்றுபோகிறது.

அதனால் சொல்கிறேன், நிறத்தைப் பார்த்து மரம் வாங்காதீர்கள். கோடை எவ்வளவு சுடும் என்று பார்த்து வாங்குங்கள்.

நர்சரியில் 'வெள்ளை பிர்ச்' என்ற பேச்சில் பல மரங்கள் அடங்கும். அடையாளம் காண இலை உதவும். கன்றில் பட்டை பெரும்பாலும் பழுப்பாகவே இருக்கும், அதை நம்பமுடியாது. காகித பிர்ச்சின் இலை முட்டை வடிவம். வளர்ந்த மரத்தில் பட்டை தாள் தாளாக உரியும். ஐரோப்பிய பிர்ச்சுக்குச் சின்ன முக்கோண இலை, தொங்கும் சிறுகிளைகள், வயதானால் அடிமரத்தில் கறுத்த வெடிப்புகள். சாம்பல் பிர்ச்சின் இலை நுனி அரச இலை மாதிரி வாலாக நீளும். பட்டை வெள்ளைதான், ஆனால் உரியாது, கிளை முளைக்கும் இடத்துக்குக் கீழே கறுப்பு முக்கோணம் தெரியும். இமயத்து வெள்ளை பிர்ச்சும் கிடைக்கிறது. நாம் பனையோலையில் எழுதியதுபோல காஷ்மீரில் ஏடு எழுதிய பூர்ஜ மரத்தின் சொந்தம். பார்க்க அத்தனை அழகு, ஆனால் துளைப்பானுக்கு இதுவும் ஐரோப்பியதும் சுலபமான இரை.

காகித பிர்ச் நியூ ஹாம்ப்ஷயரின் மாநில மரம். அங்கேயோ மின்னசோட்டாவின் வடக்கிலோ வீடு இருந்தால் தயங்காமல் வையுங்கள். கோடை குளிர்ந்த அந்த ஊர்களில் அதற்கு ஈடு கிடையாது. தெற்கே வரவர வேர் சூடாகி மரம் தளரும், தளர்ந்த மரத்தைத்தான் வண்டு தேடி வரும்.

மற்றவர்களுக்கு என் தேர்வு ஆற்று பிர்ச். மின்னசோட்டாவிலிருந்து ஃபுளோரிடா வரை இயற்கையாக வளர்கிற மரம், துளைப்பானை நன்றாகவே எதிர்க்கும். வெள்ளை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இளமரத்தின் பட்டை இளஞ்சிவப்பும் பழுப்புமாகச் சுருண்டு தொங்கும். சாயங்கால வெயில் அதற்குப் பின்னால் விழும்போது ஒவ்வொரு சுருளும் தனியாக ஒளிரும். வெளிர் பட்டைதான் வேண்டும் என்றால் 'ஹெரிட்டேஜ்' ரகத்தைக் கேளுங்கள். வாசல் சின்னதா, நாலு மீட்டர்கூட வளராத 'ஃபாக்ஸ் வேலி' இருக்கிறது.

ஆற்று பிர்ச்சுக்கும் குறை உண்டு. சுண்ணாம்பு மண்ணில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று இலை மஞ்சளாகும், அதனால் நடுவதற்கு முன்பே மண்ணைச் சோதித்துவிடுங்கள். தண்ணீர் குறைந்தால் கோடை நடுவிலேயே இலை கொட்டும். சுள்ளி உதிர்ந்துகொண்டே இருக்கும், காரை அடியில் நிறுத்த வேண்டாம்.

எந்த பிர்ச்சானாலும் வேர் மேலாகத்தான் ஓடும். மரத்தூள் மூடாக்கு போட்டு வேரைக் குளிர்ச்சியாக வையுங்கள், தண்டை ஒட்டி மட்டும் குவிக்காதீர்கள். பட்டையை உரிக்கக் குழந்தைகளுக்குக் கை துறுதுறுக்கும். உரித்த இடம் கறுத்துப்போய் அப்படியே தங்கிவிடும். அப்புறம், கிளை வெட்டுவதாக இருந்தால் வசந்தத் தொடக்கத்தில் சாறு வடியும், கோடையில் வண்டு பறக்கும். இலையுதிர் காலம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.