அடியில் துளையா, பின்பலகைப் பம்பா: சிங்கி இறால் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் வழிகள்

கூட்டப்புளி, இடிந்தகரை, கூத்தங்குழி, உவரி என்று நம் கரை நெடுக உயிரோடு வந்த சிங்கி இறாலுக்கு ஒரு விலை, செத்ததற்கு வேறு விலை. சிங்கியை உயிரோடு கொண்டுவர வள்ளத்தில் வைக்கும் தொட்டியை வாங்குவதில் யாரும் ஏமாறுவதில்லை. தண்ணீர் உள்ளே வரும் வழியிலும் வெளியே போகும் வழியிலும்தான் சரக்கு சாகிறது. ஏற்றுவதற்கு மூன்று வழி உண்டு: வள்ளத்தின் அடியில் துளையிட்டு வால்வு வைத்துப் பம்பில் ஏற்றுவது, பின்பலகையில் (மோட்டார் மாட்டுகிற பின்பக்கப் பலகை) பம்பைத் தொங்கவிட்டு ஏற்றுவது, ஒருதரம் நிரப்பிவிட்டு அதே தண்ணீருக்குக் காற்று ஊட்டுவது.

முதலில் கணக்கு. 30 டிகிரி சூட்டில் கடல்தண்ணீர் லிட்டருக்கு 6 மில்லிகிராம் சொச்சம்தான் ஆக்ஸிஜன் பிடிக்கும். ஆகவே தொட்டித் தண்ணீர் மணிக்கு ஐந்தாறு தடவை மாற வேண்டும். 100 லிட்டர் தொட்டிக்கு மணிக்கு 500, 600 லிட்டர். 12 வோல்ட் பம்பில் '500 கேலன்' என்று போட்டிருந்தால் மணிக்கு ஏறக்குறைய 1,900 லிட்டர். அது ஏற்றமும் வளைவும் இல்லாத கணக்கு. ஒரு மீட்டர் ஏறி, முக்கால் இஞ்ச் ஹோஸில் நாலு வளைவு திரும்பி வரும்போது பாதிக்கு மேல் போய்விடும். மிஞ்சுவதே நமக்குப் போதும். 800 கேலன் பம்ப் வைத்தால் பேட்டரிதான் சீக்கிரம் இறங்கும். கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணும் மோட்டாரில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும் வசதி பெரும்பாலும் கிடையாது. 2 ஆம்பியர் இழுக்கும் பம்ப் ஆறு மணி நேரம் ஓடினால் 12 ஆம்பியர்-அவர். 35 ஆம்பியர்-அவர் பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்காமல் ஓட்ட இந்த அளவு சரி.

அடித்துளையின் பெலம் ஒன்றே ஒன்று: பம்ப் எப்போதும் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கும், தண்ணீர் தானாகவே பம்புக்குள் நிறைந்திருக்கும். ஜெட்டியில் மிதந்தே கிடக்கும் படகுக்கு அதைவிட நல்ல வழி கிடையாது. நம் வள்ளங்கள் மணலில் ஏறுகின்றன. இழுத்து ஏற்றுகிற இழுப்பில், அடியில் துருத்தி நிற்கும் வடிகட்டி முதல் வாரத்திலேயே பிய்ந்து போகும். துருத்தாத மட்டமான வாய் வைத்தாலும் ஈரமணல் உள்ளே போய் இறுகும். அந்த மணலோடு வால்வைத் திருப்பினால் உள்ளே இருக்கிற குண்டில் கீறல் விழும், அதற்குப் பிறகு அது முழுசாக மூடாது. மூடாத வால்வு என்றால் வள்ளத்தின் அடியில் திறந்து கிடக்கிற ஓட்டை. தூண்டில் வளைவு (கடலுக்குள் வளைந்து நீளும் கல்சுவர்) இருக்கிற ஊரில், வள்ளத்தைத் தண்ணீரிலேயே கட்டிப்போடுகிறவர்கள் மட்டும் இதை யோசிக்கலாம்.

அப்படி வைப்பவர்கள் துளையின் வெட்டு விளிம்புக்கு ரெசின் பூசாமல் விடக் கூடாது. தண்ணீர் பைபருக்குள் ஊறி அடுக்கடுக்காகப் பிரிக்கும். வால்வு வெண்கலமாகவோ கண்ணாடி இழை சேர்த்த நைலானாகவோ இருக்கட்டும். பித்தளை வேண்டாம். கடல்தண்ணீரில் அதிலுள்ள துத்தநாகம் கரைந்து போகும். பார்வைக்கு முழுசாக இருக்கும். கத்தியால் சுரண்டினால் மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பு தெரியும், ஒரு தட்டில் பொலபொலவென்று உதிரும். வீட்டுப் பிவிசி வால்வும் கூடாது. ஹோஸின் ஒவ்வொரு முனைக்கும் இரண்டு கிளிப், பக்கத்தில் கயிற்றில் கட்டிய மரக்கட்டை அடைப்பு.

பின்பலகைப் பம்புதான் நம் கரைக்குப் பொருந்துகிறது. இந்தப் பம்புகள் மேலிருந்து தண்ணீரை உறிஞ்சாது, தாமே முங்கி இருக்க வேண்டும். நாலு இஞ்ச் அகலப் பலகைத் துண்டின் கீழ்முனையில் பம்பைத் திருகி, பின்பலகையில் பதித்த இரண்டு சட்டங்களுக்கு நடுவே ஏறி இறங்கும்படி வைத்து, ஒரு ஊசி செருகினால் போதும். பம்ப் கடல்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே நிற்கட்டும். மோட்டாருக்கு ஒன்றரை அடியாவது தள்ளி வையுங்கள். பக்கத்தில் வைத்தால் பலகை கிளப்பும் குமிழி புரொப்பல்லருக்குள் போய் அது வெறுமனே சுற்றும். கரை நெருங்கியதும் ஊசியைப் பிடுங்கிப் பலகையை மேலே தூக்கிவிடலாம்.

இதிலும் தொல்லை உண்டு. வேகமாக ஓடும்போது குமிழி புகுந்து பம்ப் காற்றைப் பிடித்துக்கொள்ளும். மோட்டார் சத்தம் கேட்கும், தண்ணீர் வராது. பம்பின் வெளிவாய் மேல்நோக்கி இருந்து, ஹோஸ் எங்கும் தொங்கிக் குழியாமல் ஏறினால் வேகம் குறைந்ததும் காற்று தானே வெளியேறும். இன்னொன்று, பம்ப் நின்றால் தொட்டித் தண்ணீர் அதே ஹோஸ் வழியே கடலுக்குத் திரும்பும். ஒருவழி வால்வு போட்டால் செதிலும் மணலும் சிக்கி அதுவே அடைக்கும். ஹோஸைத் தொட்டியின் விளிம்புக்கு மேலே வளைத்து, மேல்வளைவில் 3 மில்லிமீட்டர் துளை போடுவது நல்லது. அதன்வழி காற்று புகுந்து இழுப்பை அறுத்துவிடும்.

காற்று ஊட்டும் வழி மலிவு, மின்சாரமும் மிகக் குறைவு. ஆனால் காற்றுக்கல் (காற்றைச் சிறு குமிழிகளாகத் தண்ணீருக்குள் விடும் கல்) ஆக்ஸிஜன்தான் தரும். சிங்கி விடும் அம்மோனியாவையும் ஏறுகிற சூட்டையும் அது ஒன்றும் செய்யாது. அரைமணிக்கு ஒருதரம் கால்வாசித் தண்ணீரை வாளியால் மாற்ற வேண்டும். இந்தத் தொட்டிக்குள் செம்பு, பித்தளை, வெண்கலம் எதுவும் இருக்கக் கூடாது. செம்பு இறால் வகைக்கு விஷம், மாறாத தண்ணீரில் அது சேர்ந்துகொண்டே போகும். மழைக்குப் பிறகு நம்பியாறு முகத்துவாரத்துப் பக்கம் மேல்தண்ணீர் உப்புக் குறைந்து கலங்கி இருக்கும்போதும், எண்ணெய் மிதக்கும் கரையோரத்திலும் மட்டும் இதுவே கைகொடுக்கும்: பம்பை நிறுத்து, காற்றைப் போடு. ஆகவே பின்பலகைப் பம்போடு சின்னக் காற்றுப் பம்ப் ஒன்றையும் சேர்த்து வைப்பதே எங்கள் தேர்வு.

வெளியே போகும் வழிக்கு இதில் பாதி அக்கறைகூட யாரும் காட்டுவதில்லை. உள்வழி முக்கால் இஞ்ச் என்றால் வெளிவழி ஒன்றரை இஞ்ச். பம்ப் தள்ளுகிறது, வழிவது தன் எடையால் மட்டும் இறங்குகிறது. தொட்டியின் அடித்துளையில் ஒன்றரை இஞ்ச் குழாயை நட்டமாகச் செருகுங்கள். அதன் உயரம்தான் தண்ணீர் மட்டம். அதற்கு மேலே மூன்று இஞ்ச் குழாயைக் கவிழ்த்து, அடிவிளிம்பில் விரல் அகல வெட்டுகள் கொடுத்தால் மேல்தண்ணீருக்குப் பதில் அடியிலுள்ள அழுக்குத் தண்ணீர் முதலில் போகும், சிங்கியின் மீசையும் குழாயை அடைக்காது. உள்குழாயைப் பிடுங்கினால் தொட்டி காலி. குழாய் கடலில் திறக்கும் வாய், பாரம் ஏறிய வள்ளத்தின் நீர்மட்டத்துக்கு அரை அடி மேலே இருக்கட்டும். 100 லிட்டர் என்றால் 102 கிலோவுக்கு மேல். தொட்டி வள்ளத்தின் நடுவில், விளிம்புவரை நிறைந்து, மூடியோடு இருக்க வேண்டும். பாதித் தொட்டி கச்சான் (மேற்குக் காற்று) காலத்தில் வள்ளத்தையே சாய்த்து ஆட்டும். 200 கிராமுக்குக் குறைந்ததும் முட்டை சுமந்ததும் தொட்டிக்கு வரவே வேண்டாம், கடலிலேயே விட்டுவிடுங்கள்.

கரைக்கு வந்ததும் பம்பை ஒரு வாளி நல்லதண்ணீரில் இரண்டு நிமிடம் ஓட்டி, அடியிலுள்ள வடிகட்டிக் கூடையைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். இறக்கைத் தண்டில் மயிரிழை போல நைலான் வலைநூல் சுற்றியிருக்கும். சுற்று ஏற ஏற ஆம்பியர் ஏறி பியூஸ் போகும். பெரிய பியூஸ் போட்டால் பம்பே எரியும். நூலை ஊசியால் எடுத்துவிட்டு, பம்பில் எழுதிய அளவு பியூஸையே மறுபடி போடுங்கள்.