கியூட் தேர்வின் ஐந்தாவது இடம்: கணிதமா, பொதுத் திறனறிவா?

மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளில் சேர எழுதும் பொது நுழைவுத் தேர்வான கியூட்டில் 2023-இல் பத்துப் பாடங்கள் வரை எழுத முடிந்தது. 2024-இல் அது ஆறாகி, 2025-இல் ஐந்தாகச் சுருங்கிவிட்டது. தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் அறிவியல் பிரிவு படித்த எனக்கு ஆங்கிலம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் என நான்கு இடங்கள் உடனே நிரம்பிவிட்டன. மிச்சமிருந்த ஓர் இடத்துக்குத்தான் போட்டி: கணிதமா, பொதுத் திறனறிவா? நான் கணிதத்தை எடுத்தேன். இன்று யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

தேர்வு முறையில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. 50 கேள்விகள், 60 நிமிடங்கள், சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறுக்கு 1 கழிவு. பொதுத் திறனறிவில் பொது அறிவு, நடப்பு நிகழ்வுகள், எண் திறன், தர்க்கம் எல்லாம் கலந்து வரும். தனிப் பாடநூல் கிடையாது என்பதால் பலர் அதை எளிது என்கிறார்கள். என்னைத் தயங்க வைத்ததும் அதுதான். நடப்பு நிகழ்வுகளை எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது?

ஆனால் எது எளிது என்பதை வைத்து முடிவெடுக்கவே கூடாது. நீங்கள் விரும்பும் படிப்பு எந்தப் பாடத்தின் மதிப்பெண்ணைக் கேட்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டெல்லி பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே பொருளியல் ஆனர்ஸுக்குக் கணிதம் கட்டாயம். பி.காம். ஆனர்ஸுக்குக் கணிதமோ கணக்குப்பதிவியலோ வேண்டும். அறிவியல் பிரிவு மாணவர் கணக்குப்பதிவியலுக்கு எங்கே போவார்? பிளஸ் டூவில் படிக்காத பாடத்தையும் எழுதலாம் என்று கியூட்டை நடத்தும் தேசியத் தேர்வு முகமை 2025-இல் அனுமதித்தது உண்மைதான். ஆனால் பிளஸ் டூவில் படித்துத் தேறிய பாடங்களையே கியூட்டிலும் எழுதியிருக்க வேண்டும் என்பது டெல்லி பல்கலைக்கழகத்தின் விதி. முகமையின் அறிவிப்பை மட்டும் படித்துவிட்டு விண்ணப்பிப்பவர்கள் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

அதே பல்கலைக்கழகத்தின் மேலாண்மைப் படிப்பான பி.எம்.எஸ். பொதுத் திறனறிவைக் கேட்கிறது; கூடவே கணிதத்தையும் கேட்கிறது. அதைக் குறிவைப்பவர் வேதியியலையோ வேறொன்றையோ விட்டுவிட்டு இரண்டையும் எழுத வேண்டும். கணிதம் இல்லாமல் பொதுத் திறனறிவை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே நுழைய முடியாது. கியூட் மதிப்பெண் அந்த ஆண்டுச் சேர்க்கைக்கு மட்டுமே செல்லும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். விட்ட பாடத்தை எழுத அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும்.

கணிதத்தைக் கண்டு மாநிலப் பாடத்திட்ட மாணவர்கள் தயங்குவதற்குக் காரணம் உண்டு. கேள்விகள் மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டியின் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஒட்டி வருகின்றன. அதிலுள்ள வகையிடல், அணிகளின் அடிப்படை, பேயஸ் தேற்றம் ஆகியவை நமக்குப் பதினொன்றாம் வகுப்பிலேயே முடிந்துவிட்டவை. ஆகவே பழைய புத்தகத்தை எடைக்குப் போடாதீர்கள். நேரியல் திட்டமிடல் நம் பன்னிரண்டாம் வகுப்புக் கணித நூலில் இல்லை. அதைத் தனியாகப் படிக்க வேண்டும், ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. தீர்வுப் பகுதியின் மூலைப்புள்ளிகளைக் கொடுத்துவிட்டால், ஒவ்வொன்றையும் சார்பில் பிரதியிட்டு எது பெரிது என்று பார்த்தால் போதும். மறுபுறம், கலப்பெண்களும் கூம்பு வளைவுகளும் கியூட் கணிதப் பாடத்திட்டத்தில் இல்லை. அந்தச் சுமை குறைகிறது.

நேரம்தான் உண்மையான இடைஞ்சல். ஒரு கேள்விக்குச் சராசரியாக 72 விநாடிகள். 3×3 அணி ஒன்றின் அணிக்கோவை மதிப்பு 4 என்றால் அதன் சேர்ப்பு அணியின் அணிக்கோவை 16 என்று பார்த்தவுடன் எழுதிவிடலாம். நீளமான தொகையிடல் அப்படி விடாது. எல்லாப் படிநிலைகளையும் எழுதிப் பழகிய கை, விடையை மட்டும் தேடப் பழக வேண்டும்.

பிளஸ் டூவில் கணிதமே இல்லாதவர்களுக்கும், மொழியும் பொதுத் திறனறிவும் போதும் என்கிற படிப்புகளை நாடுபவர்களுக்கும் என் பரிந்துரை பொருந்தாது. அவர்கள் பொதுத் திறனறிவையே எடுக்கலாம். வெவ்வேறு அமர்வுகளின் மதிப்பெண்களைச் சமன்செய்யும்போது எந்தப் பாடத்தில் கூடுதல் கிடைக்கும் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஒரே முறை எழுதிய அனுபவத்தை வைத்து அதற்குப் பதில் சொல்வது நியாயமாகாது. விரும்பும் படிப்புகளின் தகுதிப் பட்டியலை விண்ணப்பத்தில் திருத்தம் செய்யும் நாட்கள் முடிவதற்குள் பல்கலைக்கழகத்தின் தளத்திலேயே நேரடியாகப் பார்த்துவிடுங்கள்.