மின்சாரக் கார் வாங்குமுன் உங்கள் வீட்டு மீட்டரைப் பாருங்கள்: ரங்கூனில் நான் ஏமாந்த கதை

2022 கடைசியில் மியான்மரில் மின்சாரக் கார்களுக்கு இறக்குமதிச் சுங்கத்தை எடுத்துவிட்ட பிறகு, ரங்கூனில் நம்மவர்கள் பலர் அதன் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். பெட்ரோலுக்கு வரிசையில் நின்று அலுத்துப்போய் நானும் 2024 தொடக்கத்தில் ஒன்று வாங்கினேன். இன்னும் சிலர் எனக்கு விற்ற அதே ஆளிடம் முன்பணம் கட்டப் போவதாகக் கேள்விப்பட்டதால் இதை எழுதுகிறேன்.

விற்றவர் தமிழர். கோயிலில் அடிக்கடி பார்த்த முகம். நம்ம ஆள் என்ற ஒரே நம்பிக்கையில் எதையும் எழுதி வாங்காமல் விட்டேன். அவர் சொன்னது மூன்று விஷயம். ஒரு தடவை சார்ஜ் செய்தால் 250 மைல் ஓடும். "ராத்திரி பிளக்கைச் சொருகிட்டுப் படுங்கண்ணே, விடியும்போது ஃபுல்லா இருக்கும்." அப்புறம் ஒரு வரைபடம்: ரங்கூனிலிருந்து மாண்டலே வரை இருபத்திரண்டு பச்சைப் புள்ளி, எல்லாம் சார்ஜிங் நிலையம் என்றார்.

முதலில் வீட்டுக் கதை. காரோடு வந்த சிறிய சார்ஜர் 10 ஆம்பியர் இழுக்கும். 220 வோல்ட் சரியாக வந்தால் மணிக்கு இரண்டே கால் யூனிட்கூட ஏறாது. என் பேட்டரி 38 யூனிட் பிடிக்கும். அப்படியென்றால் காலியிலிருந்து நிரம்ப 17 மணி நேரத்துக்கு மேல். தாம்வேயில் எங்கள் தெருவில் வெயில் காலத்தில் வோல்ட் 170-க்கு இறங்கிவிடும், அப்போது 22 மணி நேரம். கரண்டோ நான்கு மணி நேரம் இருந்தால் நான்கு மணி நேரம் இருக்காது. ஆக, முழு சார்ஜுக்குக் கிட்டத்தட்ட இரண்டு நாள். இந்தக் கணக்கைப் போட ஐந்து நிமிஷம் போதும். வாங்குவதற்கு முன்னால் நான் போடவில்லை.

இதைச் சொன்னதும் அவர் பெரிய சார்ஜர் மாட்டித் தருகிறேன் என்றார். 7 கிலோவாட் சார்ஜர் 32 ஆம்பியர் கேட்கும். எங்கள் வீட்டு மீட்டர் 30 ஆம்பியர்தான் தாங்கும். பெரிய மீட்டருக்கு விண்ணப்பிக்க வேண்டும், எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று 12 லட்சம் கியாட் வாங்கிக்கொண்டார். நான்கு மாதம் "ஃபைல் உள்ளே இருக்கு" என்றே ஓட்டினார். கடைசியில் நானே டவுன்ஷிப் மின்சார அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். என் பெயரில் விண்ணப்பமே வரவில்லை. மீட்டருக்கு என்று யார் பணம் கேட்டாலும், விண்ணப்பம் கொடுத்ததற்கான ரசீதைக் கையில் வாங்காமல் ஒரு கியாட் கொடுக்காதீர்கள். முடிந்தால் நீங்களே நேரில் போய்க் கொடுங்கள்.

இரண்டாவது அடி நெடுஞ்சாலையில் விழுந்தது. மாண்டலேயில் மாமா மகள் கல்யாணம். நான், மனைவி, அம்மா, மகள். ரங்கூன்-மாண்டலே விரைவுச்சாலை 366 மைல், நடுவில் இரண்டு இடத்தில் சார்ஜ் செய்தால் போதும் என்று வரைபடத்தை நம்பிக் கிளம்பினோம். அந்த 250 மைல் என்பது சீனாவின் சி.எல்.டி.சி. சோதனையில் வரும் எண். நகரத்து மெதுவான ஓட்டத்துக்கு அதில் இடம் அதிகம். நாலு பேர், ஏசி, 60 மைல் வேகம் என்றால் அது நிற்காது. 115-ஆவது மைலில் இருக்கும் ஓய்விடத்தை அடைந்தபோது பேட்டரியில் மீதி 20 சதவீதம்.

அங்கே சார்ஜர் இருந்தது, கரண்ட் இல்லை. உணவுக் கடைகளுக்கு ஜெனரேட்டர் ஓடியது. சார்ஜருக்கு அது தாங்காது என்று அங்கிருந்த பையன் சொன்னான். அவன்மேல் தப்பில்லை. காலை 10 மணிக்குப் போன நாங்கள் இரண்டு மணிக்குக் கரண்ட் வரும்வரை உட்கார்ந்திருந்தோம். வந்ததும் எங்களுக்கு முன்னால் மூன்று கார், இருந்தது ஒரே ஒரு கன் (காரில் சொருகும் முனை). அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி, அந்தப் புழுக்கத்தில் முகம் வெளுத்துப் போயிற்று. மாண்டலே போகும் பஸ் ஒன்றில் கெஞ்சி இரண்டு இடம் வாங்கி, அம்மாவையும் மனைவியையும் ஏற்றிவிட்டேன். நானும் மகளும் எங்கள் முறை வந்து சார்ஜ் ஏற்றிக்கொண்டு, ஐந்து மணிக்கு ரங்கூனுக்கே திரும்பினோம். கல்யாணத்தைப் போட்டோவில்தான் பார்த்தேன். மாமா இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

அதற்குப் பிறகு அந்த இருபத்திரண்டு புள்ளிகளையும் ஒவ்வொன்றாக விசாரித்தேன். ஏழு இடத்தில் இன்னும் கம்பமே நடவில்லை. நாலு, ஷோரூம் காம்பவுண்டுக்குள் இருப்பவை, அவர்களிடம் கார் வாங்கியவர்களுக்கு மட்டும். இரண்டில் சி.சி.எஸ்.2 என்ற ஐரோப்பிய ரக கன் மட்டும்தான். என் கார் சீன உள்நாட்டு ரகம், ஜி.பி.டி. என்ற சீனத் தரச் சொருகி. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாது. மெதுவான ஏ.சி. (வீட்டில் வரும் மாறுமின்னோட்டம்) சார்ஜுக்குச் சாதாரண அடாப்டர் போதும். வேகமான டி.சி. (நேர்மின்னோட்டம்) சார்ஜில் காரும் சார்ஜரும் பேசிக்கொள்ளும் முறையே வேறு என்பதால், அதற்கு உள்ளே மின்னணுச் சுற்றோடு வரும் விலை கூடிய அடாப்டர் வேண்டும். வாங்குமுன் சொருகியைக் கண்ணால் பாருங்கள். நிலையத்துக்கு, கரண்ட் போகும் நேரமாகப் பார்த்து நேரில் போங்கள், அப்போதும் வேலை செய்கிறதா என்று தெரியும்.

காரில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஊருக்குள் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சத்தமில்லாமல் நன்றாகவே ஓடுகிறது. சொந்தக் காம்பவுண்டும் பெரிய மீட்டரும் இருப்பவருக்கு நல்ல வண்டி. மொகல் தெரு மாதிரி இடத்தில் நாலாவது மாடியில் குடியிருப்பவர் எங்கிருந்து வயர் இழுப்பார்? நான் போய்ப் பார்த்தவரை நிலையங்கள் ஷோரூம் பக்கமும் பெரிய மால் பக்கமும்தான் இருக்கின்றன. நம் ஆட்கள் நெருக்கமாக வாழும் தெருக்களில் ஒன்றைக்கூடக் காணோம். அங்கிருப்பவர்களிடமும் அதே வரைபடத்தைக் காட்டி அவர் விற்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

12 லட்சத்தில் 5 லட்சம் திரும்பி வந்திருக்கிறது. மீதிக்காக இந்த ஞாயிற்றுக்கிழமையும் போகிறேன். மீட்டருக்கு என்று அவரிடம் பணம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.